கடைசி வரியில் மஞ்சள்

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. அன்றைய நாட்குறிப்புப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: காலை 9.05, ஆபீஸ் திறந்தேன். தண்ணீர் கேன் வரவில்லை. 9.20, பால் சேகரிப்பு நிலையம், 64 பேர். 10.45, செங்கல் சூளை, 31 பேர்; இரண்டு கணக்கு எண்களில் ஓர் இலக்கம் குறைவு, போன் செய்து திருத்தினேன். 12.30, அரியலூர் லாரிக்காரர்களின் சுண்ணாம்புக்கல் நடை வாடகை, 22 பேர். மதியம் தயிர்சாதம், நார்த்தங்காய். 2.50, வெங்காய மண்டி, 139 பேர்.

அந்த வெங்காய மண்டியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. என் நாற்காலியில் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்த வங்கிக்கு எந்த வடிவம், எந்தக் கட்டத்தில் எத்தனை எழுத்து என்பதெல்லாம் அலமாரியில் இருக்கும் ஃபைலில் எழுதிவைத்திருக்கிறேன். இது அந்த ஃபைலில் இல்லை. எழுத இடம் தெரியவில்லை.

நம் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. வியாபாரிகள் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எக்செல் பட்டியல் அனுப்புகிறார்கள். அதை வங்கி ஏற்கும் கோப்பாக மாற்றி, வங்கியின் தளத்தில் ஏற்றுகிறோம். வியாபாரி தன் போனில் ஒப்புதல் கொடுத்ததும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பணம் போகிறது. ஏற்றிய பிறகு அதில் ஒரே ஒரு வரியை மட்டும் உருவ முடியாது. கோப்பு முழுதும் போகும், அல்லது முழுதும் நிற்கும்; நிறுத்துவதும் வியாபாரியின் போனிலிருந்துதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு விசேஷம் இருந்தது. மறுநாள் இரண்டாவது சனி, அடுத்து ஞாயிறு, திங்கள் பக்ரீத். அப்போதெல்லாம் இப்போதுபோல எந்நேரமும் பணம் போகாது. மாலை ஐந்தரைக்குள் ஒப்புதல் ஆகாத கோப்பு செவ்வாய்க்கிழமைதான் நகரும். சின்ன வெங்காயம் அறுத்துப் போட்டுவிட்டு, ஆள் கூலிக்குக் கையில் காசில்லாமல் 139 விவசாயிகள் காத்திருந்தார்கள்.

மண்டியின் கணக்கர் கலியபெருமாள் அண்ணன். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து போகிறவர். முப்பது வருடம் நீள நோட்டில் எழுதிய கை. ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஆனால் ஒரு எழுத்து பிசகாது. அவர் அனுப்பும் கோப்புகளின் பெயர்கள் எங்கள் ஆபீஸில் பிரசித்தம்: ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘ரொம்பப் புதுசு’. பட்டியலின் முதல் கட்டத்தில் ஒரு ‘உ’ போட்டிருப்பார். தலைப்பு வரி முழுக்க மஞ்சள் அடித்திருப்பார்.

அதுவரை அந்த மண்டியைப் பார்த்துவந்த பெண் அந்தத் திங்கட்கிழமைதான் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். போகுமுன் மூன்று பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். நல்ல குறிப்பு. நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

மண்டிப் பட்டியலை நான் திறந்தது அதுதான் முதல் தடவை. மேலே தலைப்பில் மஞ்சள். கீழே 139ஆவது வரியில், செல்வராசு என்ற பெயருக்கு நேரே, 46,350 ரூபாய் வரை மஞ்சள். புதுக்கணக்கு நோட்டுக்கு மூலைகளில் மஞ்சள் வைப்போமே, அதுதான் நினைவுக்கு வந்தது. மேலே ‘உ’ போட்டு மஞ்சள் பூசியவர் கீழேயும் பூசி முடித்திருக்கிறார், அதுவும் ஆடி வெள்ளி என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது. பிறகு எந்தப் பட்டியல் வந்தாலும் நான் முதலில் செய்வதைச் செய்தேன்: நிறம், கட்டம், தடித்த எழுத்து எல்லாவற்றையும் துடைத்து வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் மிஞ்சவிட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு. கோடு கோடாகக் கிறுக்கி வரும் பட்டியல் என் கையில் வெள்ளை வேட்டிபோல ஆகிவிடும்.

அண்ணன் போட்ட கூட்டுத்தொகையும் என் கோப்பின் கூட்டுத்தொகையும் பைசா பிசகாமல் ஒத்துப்போயின. 3.42க்கு ஏற்றினேன். பேனாவால் ஒரு டிக் அடித்தேன்.

4.08க்குக் கலியபெருமாள் அண்ணனே வந்தார். மண்டிக்கு இனி நான்தான் பார்க்கிறேன் என்று தெரிந்து, ஒரு பை நிறைய வெங்காயத்தோடு பார்க்க வந்திருந்தார். ஃபேனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினார். பக்ரீத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள், ஆடி வெள்ளிக்குச் சிறுவாச்சூர் போகிறவர்கள், இரண்டு கூட்டமும் ஒரே பஸ்ஸில் என்றார். அப்புறம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“செல்வராசு காலையிலேயே வந்துட்டான் மேடம். நாளைக்குக் காலையில வா, காசா எடுத்து வைக்கிறேன்னு அனுப்பி வச்சேன். கவர்ல போட்டு பேரு எழுதிட்டேன்.”

எந்தச் செல்வராசு என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“கடைசியில மஞ்சள் அடிச்சிருந்தேனே, அவன்தாங்க.”

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். செல்வராசுவின் வங்கிக் கணக்கில் பழைய பயிர்க்கடன் நிலுவை இருந்தது. எந்தப் பணம் ஏறினாலும் வங்கி கடனுக்குப் பிடித்துக்கொள்ளும். அவர் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்ட இரண்டு முறை நாள் கேட்டாயிற்று; இனி சனிக்கிழமை மதியம் வரைதான் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அந்த வெங்காயப் பணம்தான் அந்தத் தவணை.

அண்ணனின் பட்டியலில் மஞ்சள் என்றால், கணக்கில் சேரும் ஆனால் வங்கி வழியாகப் போகாது. அதனால்தான் கூட்டுத்தொகையில் செல்வராசுவும் இருந்தார். அதனால்தான் எனக்கு ஒத்துப்போனது. எல்லாம் சரி என்று நான் டிக் அடித்த எண்ணே தவறை மூடிவைத்திருந்தது.

கோப்பு ஏறிவிட்டதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

“இதுல கலரே இல்லையே மேடம்.”

“நான்தான் அழிச்சேன்.”

“ஓ,” என்றார். அந்த ஒற்றை எழுத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

இப்படி ஒரு நேரத்தில் மனம் முதலில் எங்கே ஓடும் என்பதை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மனம் சமாதானத்தைத் தேடி ஓடியது. ஒரு ஆளுக்காக 138 பேரை நிறுத்துவதா? பணம் எங்கேயும் தொலைந்துவிடப் போவதில்லை, அவர் கடனில்தானே கழியப்போகிறது? இதை வாய்விட்டே சொன்னேன். எடுத்து வைத்த கவரை அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்றும் சொன்னேன்.

“ரெண்டு தடவை குடுக்க மொதலாளி ஒத்துக்க மாட்டாரு. விதை வெங்காயத்துக்கே அவனுக்கு முன்பணம் குடுத்திருக்கோம். பேங்க்ல ஏறிட்டா அந்தக் கவரை நான் பெட்டியில திருப்பி வைக்கணும்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கடன் நாளைக்கும் இருக்கும் மேடம். சீட்டு இருக்காது,” என்றார்.

கடன் வாங்கியவர் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்தப் பணத்தை எந்த நாளில் கட்டுவது என்று அவர் தீர்மானித்து, மண்டியில் சொல்லி, அவர்களும் ஒப்புக்கொண்டு குறித்தும் அனுப்பியிருக்கிறார்கள். அதை மாற்றும் உரிமை பட்டியலைத் துடைக்கிற எனக்குக் கிடையாது.

4.21க்கு முதலாளிக்குப் போன் செய்தேன். எடுத்தது டிரைவர். ஐயா சிறுவாச்சூர் கோயிலில் வரிசையில் நிற்கிறார், போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்றார். வெள்ளி, திங்கள் மட்டுமே நடை திறக்கும் கோயில். ஆடி வெள்ளியன்று கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் பேசுவதற்குள் டிரைவரே ஆர்வமாகச் சொன்னார்.

“ஆபீஸ் ஃபைலுதானுங்களே? வந்திருச்சுங்க. நாலே முக்காலுக்கு ஓகே பண்ணிடுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. இப்பவே தட்டிடட்டுங்களா?”

ஒப்புதல் கொடுக்கும் போன் அடுத்தவர் கையில் இருக்கக் கூடாது என்று வியாபாரிகள் ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசித் தொண்டை வற்றியவள் நான். அந்தப் பேச்சைப் போனில் ‘சரி சரி’ என்று கேட்டுக்கொண்டவர்தான் மண்டி முதலாளியும்.

எதையும் தொடாதீர்கள் என்றேன். ஐயா திட்டுவார் என்றார் டிரைவர். திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். பிறகு, அவர் பதறாமலிருக்கட்டும் என்று, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு டீ குடியுங்கள் என்றேன்.

இனி என்ன செய்வது? டிரைவரிடமே சொல்லி அந்தக் கோப்பை ரத்து செய்ய வைத்திருக்கலாம். புதுக் கோப்பை ஏற்றி, அதையும் அவரையே ஒப்புதல் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. கலியபெருமாள் அண்ணன்கூட அதைத்தான் சொன்னார். ஆனால் அப்போது இரண்டு கோப்புகள் அந்தத் திரையில் நிற்கும். ஒரே மண்டி, ஒரே தேதி, பெயரில் கடைசி எண் மட்டும் வேறு. பழக்கமில்லாத ஒரு விரல் இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டால் 138 பேருக்கும் இரண்டு மடங்கு பணம் போய்விடும். அதைத் திரும்ப வாங்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். ஒரு தவற்றைச் சரிசெய்யும்போதுதான் அதைவிடப் பெரிய தவறு நடக்கும். அந்தச் சமயத்தில்தான் நாம் வழக்கமான காவல்களையெல்லாம் ‘இந்த ஒரு தடவை’ என்று விலக்குகிறோம்.

செல்வராசுவின் வரியை எடுத்துவிட்டுப் புதுக் கோப்பைச் செய்தேன். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெயர்களைச் சத்தமாக அவர் படிக்க, நான் திரையில் பார்த்தேன். அவசரத்தில் இதற்கு ஒன்பது நிமிடம் செலவழித்தது எனக்கே உறுத்தியது. ஆனாலும் செய்தேன். 4.39க்கு ஏற்றினேன். ஒரு தாளில் பழைய கோப்பின் எண்ணையும் புதிய எண்ணையும் பெரிதாக எழுதி, ஒன்றின் பக்கத்தில் ‘வேண்டாம்’, மற்றதன் பக்கத்தில் ‘வேண்டும்’ என்று போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அண்ணன் தயங்கினார். ஒரு பொம்பளை ஓட்டிப் பின்னால் உட்கார்ந்து போனதில்லை என்றார். கோயில் கூட்டத்தில் முதலாளியை எனக்கு அடையாளம் தெரியாது, நீங்கள் வராவிட்டால் நான் போய் என்ன செய்வது என்று கேட்டேன். ஏறி உட்கார்ந்தார். திருச்சி சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போனபோதெல்லாம் பின்னாலிருந்து முருகா, முருகா என்று கேட்டுக்கொண்டே வந்தது.

வழியில் ஒரு சந்தேகம் கேட்டேன். நிறுத்தச் சொல்வதற்கு மஞ்சளை ஏன் அடிக்கிறீர்கள்? சிவப்பு அடித்திருந்தால் நான் ஒரு நிமிடமாவது நின்று யோசித்திருப்பேனே?

“ஒருத்தன் பேரு மேல சிவப்பு அடிக்கலாமுங்களா மேடம்? அவன் என்ன தப்பு பண்ணான்? கஷ்டத்துல இருக்கிறவன். மஞ்சள் அடிச்சா நல்லது நடக்கும்னுதான் அடிக்கிறது.”

ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கினால் துடைப்பது கஷ்டம்.

4.57க்குச் சிறுவாச்சூர். கார்கள் நின்ற வேப்பமர நிழலில் டிரைவர், சொன்னபடியே டீ டம்ளரோடு நின்றார். போன் சட்டைப்பையில் இருந்தது. அண்ணன் செருப்பை அங்கேயே உதறிவிட்டு உள்ளே ஓடினார். நான் போனுக்குக் காவல் நின்றேன். இரண்டு கோப்புகளும் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகத் டிரைவர் வெளியே எடுத்த போனில் தகவல்கள் ஒளிர்ந்தன. டிரைவர் அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு தட்டு தட்டினா முடிஞ்சிடுமேங்க,” என்றார் ஆற்றாமையோடு.

“அதான் பயமா இருக்கு,” என்றேன்.

5.12க்கு முதலாளி வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் எலுமிச்சம்பழம். நடந்ததை அண்ணன் வரும்போதே சொல்லியிருக்க வேண்டும். “ஒரு ஆளுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றுதான் கேட்டார். கோபமாகக் கேட்டாரா, ஆச்சரியமாகக் கேட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறு என்னுடையது, கணக்கருடையது அல்ல என்று முதலில் சொன்னேன். பிறகு தாளை நீட்டினேன்.

கண்ணாடி காரில் இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பழையதை ரத்து செய்தார். கூட்டத்தில் எல்லாருடைய போனும் ஒரே செல்போன் கோபுரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததால் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 5.19க்கு ரத்து ஆனது. புதியதைத் திறந்தார். வங்கி அனுப்பும் ரகசிய எண் வரவில்லை. காரை எடுத்து நெடுஞ்சாலை ஓரம் வரைக்கும் போகலாம் என்று டிரைவர்தான் யோசனை சொன்னார். நால்வரும் ஏறினோம். முந்நூறு அடி போனதும் எண் வந்து விழுந்தது. 5.26. ஏற்கப்பட்டது என்று திரை சொன்னது.

முதலாளி போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டிரைவரிடம் கொடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார்.

இதை எழுதுவதால், வருகிற பட்டியல்களில் நிறங்களைத் தேடிக்கொண்டே உட்காருங்கள் என்று அர்த்தமில்லை. நிறத்தைக் கோப்பு சுமக்காது. அது சுமக்காததை நாம்தான் சுமக்க வேண்டும். ஒரு பட்டியல் முதன்முதலாக உங்கள் கைக்கு வரும்போது அதை எழுதியவருக்குப் போன் செய்து, ‘இதுல எனக்குப் புரியாத அடையாளம் ஏதாவது வச்சிருக்கீங்களா?’ என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். பதினோரு வருடம் அந்த வேலையைச் செய்திருந்த எனக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்ததால்தான் தோன்றவில்லை. மஞ்சளைப் பார்க்காமல் விட்டிருந்தால் அது கவனக்குறைவு. நான் பார்த்தேன், எனக்குத் தெரிந்த அர்த்தத்தை நானே கொடுத்தேன், சிரித்தேன், அழித்தேன்.

அன்று ஆபீஸுக்குத் திரும்பிப் பூட்டும்போது 6.10. நாட்குறிப்பில் 2.50 பதிவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த டிக்கைக் கோடிட்டு அடித்துவிட்டு, 139 என்பதன் பக்கத்தில் 138 என்று எழுதினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீஸுக்குப் போகுமுன் 8.15க்கு மண்டிக்குப் போனேன். அண்ணனிடம் ஒவ்வொரு நிறத்துக்கும் அர்த்தம் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். வெங்காயச் சருகு காலுக்கடியில் பறந்தது. கல்லா மேசை முன்னால், துவைத்துக் கசங்கிய வெள்ளைச் சட்டையில் ஒருவர் கவரோடு நின்றார். செல்வராசு. நான் பேங்க் ஃபைல் போடுகிறவள் என்று அண்ணன் அறிமுகப்படுத்தினார். முந்தின நாள் நடந்ததில் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்கவில்லை என்று அண்ணனின் முகமே சொன்னது.

“எங்கூருல எல்லாத்துக்கும் நேத்து ராத்திரியே மெசேஜ் வந்திருச்சுங்க. எனக்குத்தான் இப்புடி அலையிற மாதிரி ஆயிடுது,” என்றார் செல்வராசு, என்னைக் குறை சொல்லும் தொனியில். கொஞ்சம் உரிமையோடுகூட.

ஆமாங்க, கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றேன்.

அவர் கவரைப் பிரித்து எண்ணத் தொடங்கினார். பாதியில் கணக்கு தப்பியது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் தப்பியது. காலேஜ் ஆபீஸ் ஒன்பதரைக்குத் திறக்குமாம். கட்டை அப்படியே என் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க ஒரு தடவை எண்ணிக் குடுங்கம்மா.”

நோட்டை மேசையில் வைத்தேன். யார் யாருக்கோ எத்தனையோ பணம் இந்த விரல்கள் வழியாகப் போயிருக்கிறது. ஒரு ரூபாய்கூட நான் தொட்டதில்லை. தொண்ணூற்றிரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், மூன்று நூறு, ஓர் ஐம்பது. ஒவ்வொன்றாக எடுத்து, முகம் ஒரே பக்கம் இருக்கும்படி திருப்பி அடுக்கி, அவர் கேட்கும்படி உரக்க எண்ணினேன். முடித்ததும் அவர் கேட்காமலே இன்னொரு தடவை எண்ணினேன். ரப்பர் பேண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.